அப்பாவின் பெயரில் இரண்டு வருடம்

விசாகப்பட்டினத்தில் இருந்த காலம் முழுக்க முத்தமிழ்செல்வனை யாரும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அவன் சேர்ந்திருந்த சபையில் ஊழியத்துக்குப் போகிற இளைஞர்களை 'எல்டர்' என்று சொல்லி, அதோடு குடும்பப் பெயரைச் சேர்த்து அழைப்பதுதான் வழக்கம். நம் பக்கத்து ஆள்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியலை விரித்தால் அப்பா பெயர்தான் வரும். அப்படித்தான் அவன் வெள்ளைச் சட்டைப் பையின்மேல் குத்தியிருந்த கறுப்புப் பட்டையில் 'எல்டர் ராசாங்கம்' என்று எழுதியிருந்தது.

அந்த ராசாங்கம் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்து ஊரில், தன் முந்திரிக்காட்டில், மகனோடு பேச்சை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். இங்கேயோ விடிந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை தெருவில், பஸ்ஸில், வீட்டு வாசல்களில் அவர் பெயரைச் சொல்லித்தான் மகனைக் கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் அவனுக்குச் சுருக்கென்றது. போகப் போக அது பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். களைத்துப்போன நாள்களில் மட்டும், யாராவது "ராசாங்கம்" என்று கூப்பிட்டால், அப்பா பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்துவிடுவான்.

அவன் படித்தது பாலிடெக்னிக். லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் வேலை கிடைத்துப் பெங்களூர் போனான். போய்ச் சேர்ந்த வருடமே டெங்கு வந்து படுத்தான். அறையில் கூட இருந்தவர்கள் பயந்து ஊருக்குப் போய்விட்டார்கள். வேலையிடத்தில் பழக்கமான ஒருவன் சொல்லி, முன்பின் தெரியாத இரண்டு பேர் வந்தார்கள். கஞ்சி காய்ச்சினார்கள், துணி துவைத்தார்கள், அவன் வாந்தியெடுத்த பக்கெட்டை முகம் சுளிக்காமல் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். அவர்கள் போகிற சபைக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. மற்றவர்கள் மார்மன் என்பார்கள். உடம்பு தேறியதும் செல்வன் அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்றி சொல்லத்தான் போனான். அப்புறம் போய்க்கொண்டே இருந்தான். எப்படி அதில் விழுந்தாய் என்று பின்னாளில் பலர் கேட்டிருக்கிறார்கள். எந்தப் புத்தகத்தையும் அவன் காரணமாகச் சொன்னதில்லை. அந்தப் பக்கெட்டைத்தான் சொல்வான்.

ஞானஸ்நானம் எடுத்ததைப் பொங்கலுக்கு வந்தபோது வீட்டில் சொன்னான். ராசாங்கம் கத்தவில்லை. மருந்தடிக்கிற மெஷினுக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தவர் அதை முடித்துவிட்டு, "பொழைக்கப் போன எடத்துல சாமிய மாத்திக்கிட்டான்னு ஊருக்குள்ள நான் எப்படிச் சொல்றது?" என்று மட்டும் கேட்டார். அதையும் காலப்போக்கில் விழுங்கியிருப்பார். ஆனால் கொரோனா ஓய்ந்தபின், வேலையை விட்டுவிட்டு இரண்டு வருட ஊழியத்துக்குப் போகப்போகிறேன் என்று மகன் வந்து நின்றபோது அவரால் முடியவில்லை. அம்மா ஜானகிக்கோ சாமி பிரச்சினையே இல்லை. அவள் ஏலாக்குறிச்சி மாதா கோவிலுக்கு வேண்டிக்கொண்டு பஸ் ஏறிப்போய் மெழுகுவத்தி ஏற்றியவள்தான். "நானுந்தான் மாதாவக் கும்புட்டேன். அதுக்காவ வூட்ட வுட்டுட்டா போனேன்?" என்று அழுதாள். தங்கை சிந்து ஒருத்திதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து அவன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள்.

பயிற்சியெல்லாம் கம்ப்யூட்டர் திரையிலேயே நடந்து முடிந்தது. திரையில் எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். ஊழியம் என்பது வாழ்க்கையிலேயே மகிழ்ச்சியான காலம் என்றார்கள். விசாகப்பட்டினத்தில் இறங்கி, உப்புக் காற்றில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, முதல் வாரம் நடந்து முடித்ததும் செல்வனுக்குத் தெரிந்துவிட்டது, இதில் முக்கால்வாசி காத்துக்கிடப்பதுதான் என்று. அறிமுகமில்லாத வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது என்பது அங்கே அவர்களுக்கு இருந்த கட்டுப்பாடு. சபைக்காரர் யாராவது சொல்லி, அந்த வீட்டார் வரச் சொன்னால் போகலாம். வரச் சொல்வார்கள். போய் நின்றால் பூட்டியிருக்கும். போன் பண்ணினால் எடுக்கமாட்டார்கள். எடுத்தால், இப்போதுதான் வெளியே கிளம்பினோம் என்பார்கள். உள்ளே டிவி ஓடுகிற சத்தம் வாசலுக்குக் கேட்கும்.

எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போகவேண்டும். தனியாகத் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகக் கூடாது. செல்வனுக்கு ரொம்ப நாள் துணையாக வாய்த்தவன் நாகாலாந்துக்காரன், லோத்தா என்று பெயர். செல்வனுக்கு இந்தி வராது, லோத்தாவுக்குத் தெலுங்கு வராது. இரண்டு பேரும் அரைகுறை இங்கிலீஷில் சண்டை போட்டு அதிலேயே சமாதானமும் ஆனார்கள். லோத்தாவின் முகத்தைப் பார்த்துத் தெருவில் சீனாக்காரன் என்று கிண்டல் செய்வார்கள். ஒருநாள் ஒரு கும்பல் மறித்து, ஆதார் அட்டையைக் காட்டு, யாரை மதம் மாற்ற வந்தாய் என்று கேட்டது. லோத்தா அமைதியாக அட்டையை எடுத்து நீட்டினான். அன்றைக்கு அறைக்குத் திரும்பியதும் இரண்டு பேரும் சோறு பொங்காமல் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டார்கள்.

டீ, காபி குடிக்கக் கூடாது என்பதும் அந்தச் சபையில் ஒரு கட்டளை. மறித்துக் கேள்வி கேட்கிறவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். பாசமாக டீ போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்வதுதான் செல்வனைக் கொன்றது. வீட்டுக்கு வந்தவன் எதையும் வாங்கிக் குடிக்காமல் போனால் அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்கிற ஊரில் பிறந்தவன் அவன். நீட்டிய டம்ளரோடு அந்தப் பெண்கள் திரும்பி உள்ளே போகிறபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

திங்கள்கிழமை துணி துவைக்கவும் வீட்டோடு பேசவும் நேரம் உண்டு. ஜானகி போனை எடுத்துக்கொண்டு கொல்லையில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போய்விடுவாள். மழை பெய்ததா, பூ பிடித்ததா, முந்திரிக்கு என்ன மருந்து அடித்தீர்கள் என்று அவன் கேட்பான். அவள் எல்லாம் சொல்வாள். அப்பாவைப் பற்றிக் கேட்டால், "இருக்காரு" என்பாள்.

அந்த ஊரில் அவனை மனுஷனாக வைத்திருந்தவர் அப்பலராஜு என்கிற வாட்ச்மேன். ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தைக் காவல் காத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் கூரை வீட்டில் குடியிருந்தார். இவர்கள் சொல்வதை முதன்முதலில் முழுசாகக் கேட்டவர் அவர்தான். கேட்டுக்கொண்டே செல்வனின் தெலுங்கையும் திருத்துவார். குடியை விட்டார். ஞாயிறுதோறும் சபைக்கு வந்தார். ஞானஸ்நானம் எடுப்பதாக ஒத்துக்கொண்டார். அன்றைக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வெள்ளை உடுப்பை மடித்து வைத்துக்கொண்டு இவர்கள் காத்திருந்தார்கள். அவர் வரவில்லை. சபைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்துபோனார்கள். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, தரையைத் துடைத்துவிட்டு, இரண்டு பேரும் நடந்து திரும்பினார்கள்.

சில நாள் கழித்து அப்பலராஜு ஒரு பை நிறைய நுங்கோடு வந்தார். மகளுக்கு வரன் பேசியிருக்கிறது, இந்த நேரத்தில் நான் முங்கி எழுந்தால் அது கலைந்துவிடும், அதனால்தான் வரவில்லை என்றார். ஆனாலும் நீங்கள் என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டார். கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று செல்வனுக்குப் புரியவில்லை. போவதை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை.

அந்த வருடப் புயல்மழையில் அப்பலராஜுவின் கூரை பறந்துவிட்டது. செல்வனும் லோத்தாவும் மேலே ஏறிக் கம்பு கட்டித் தார்ப்பாய் இழுத்தார்கள். லோத்தா அவன் ஊர்ப் பாட்டு ஒன்றை எடுத்துவிட, கீழே இருந்து அப்பலராஜு அர்த்தம் தெரியாமலே தாளம் போட்டார். வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. ஊழியத்தில் தான் சந்தோஷமாக இருந்த நாள் எது என்று பிற்பாடு யோசித்தபோதெல்லாம் செல்வனுக்கு அந்தக் கூரைதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு யாருக்கும் அவன் எதையும் போதிக்கவில்லை.

இரண்டாவது வருடத்தின் நடுவில் சிந்துவுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மாப்பிள்ளை பரணிதரன், பெரம்பலூர்ப் பக்கம் குன்னத்தை ஒட்டிய ஊர், வெங்காய வெள்ளாமை. அப்பா இல்லாத பையன், அம்மா கமலவேணி வளர்த்து ஆளாக்கியவன். பெண்ணுக்குக் கூடப் பிறந்தவன் செல்வன் ஒருத்தன்தான். மாப்பிள்ளையைக் கைப்பிடித்து மேடைக்கு அழைத்து வருவதும், பெண்ணின் கையில் பொரியை அள்ளிப் போடுவதும் அவன் செய்யவேண்டிய முறை. ஊழியத்தின் நடுவில் வீட்டு விசேஷங்களுக்குப் போய்வருகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. மேலிடத்தில் கேட்டான். கட்டாயப்படுத்தவில்லை, போனால் ஊழியம் அதோடு முடிந்ததாகத்தான் ஆகும், நீயே ஜெபம் பண்ணி முடிவெடு என்று விட்டுவிட்டார்கள். அதுதான் அவனுக்குப் பெரிய பாரமாகிப்போனது. போகாதே என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்கள்மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

அந்த வாரத்தில் ராசாங்கமே போன் பண்ணினார். அவர் குரலைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

"வர்றியா, வரலையா? அத மட்டும் சொல்லு."

"வர முடியலப்பா."

"சரி" என்று வைத்துவிட்டார்.

கல்யாணத்தன்று பெரியப்பா மகன் மாயவன் மாப்பிள்ளையை அழைத்து வந்தான். மாயவனே பொரியும் போட்டான். செல்வன் அந்த நேரத்தில் ஒரு பூட்டிய வீட்டின் வாசலில் லோத்தாவோடு நின்றுகொண்டிருந்தான். வரச் சொன்னவர்கள் வரவில்லை. லோத்தா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்கு அவனையும் இழுத்துக்கொண்டு போய்ச் சோடா வாங்கிக் கொடுத்தான்.

ஊழியம் முடிந்து அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியபோது அவன் உடம்பில் பாதிதான் இருந்தது. வீட்டு வாசலில் ஜானகி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ராசாங்கம் சோற்றுத்தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் சாப்பிட்டார். பெரம்பலூரில் ஆஸ்பத்திரிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் லிஃப்ட் பராமரிக்கிற ஆளிடம் வேலை கிடைத்தது. பெரம்பலூரிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமைகளில் ஊருக்கு வந்துபோனான். சுற்றுவட்டாரத்தில் அவன் சபை எங்குமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு பெங்களூர்க் கூட்டத்தை வெள்ளைச் சட்டையோடு பார்ப்பான். சில வாரம் பாட்டு முடிவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவான்.

அவனுடைய களைப்பு படுத்தால் தீர்கிற களைப்பாகத் தெரியவில்லை. ஊரில் டீக்கடைப் பக்கம் போனால், ஊரை மாற்ற வந்துவிட்டாயா என்று பாதி விளையாட்டாகக் கேட்டார்கள். பெண் பார்க்கப் பேச்செடுத்த இரண்டு இடங்களில் விஷயம் தெரிந்ததும் பதிலே வரவில்லை. பெங்களூர்ச் சபைக்காரர்களோ, எத்தனை ஆத்துமாக்கள், என்னென்ன அற்புதங்கள் என்று ஆசையோடு கேட்டார்கள். பூட்டிய கதவுகளைப் பற்றி அவர்களிடம் எப்படிச் சொல்வது? நன்றாக இருந்தது என்பான். அது பொய்யும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் சிந்து பையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். உண்டாகியிருந்தவளுக்கு நான்காம் மாதத்தில் கலைந்துவிட்டது. உடம்பு நைந்துபோய்க் கிடந்தவள் காதுபட, பக்கத்து வீட்டுக்காரியிடம் கமலவேணி சொல்லியிருக்கிறாள்: "கொலசாமிய வுட்டுட்டு வேற சாமி கும்புடப் போனவன் வூட்டுப் பொண்ணு. எப்படித் தங்கும்?" சிந்து எழுந்து, எங்கண்ணனை இழுத்துப் பேசுகிற வீட்டில் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். பரணிதரன் இரண்டு தடவை போன் பண்ணினான். அவள் எடுக்கவில்லை. அப்புறம் அவனும் பண்ணவில்லை.

ராசாங்கம் சம்பந்தி வீட்டுக்குப் போகவேண்டியவர். அவருக்குக் கால் எழவில்லை. போனால் மகனைப் பற்றித்தானே பேச்சு வரும்? அவன் பக்கம் பேசவும் அவருக்கு மனமில்லை, அவனை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. வாரங்கள் ஓடின. சிந்து முந்திரிக்கொட்டையைக் காயப்போட்டு அள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை ஜானகி சொல்லியும் சொல்லாமலும் மகனைப் பார்த்தாள். செல்வன் புரிந்துகொண்டான்.

பெரம்பலூரிலிருந்து ஊருக்கு வருகிற வழியில்தான் குன்னம், சிந்துவின் மாமியார் ஊருக்கு இறங்குகிற இடம். அடுத்த சனிக்கிழமை வரும்போது அங்கே இறங்கி உள்ளே நடந்தான். இப்படி ஒரு வாசலுக்கு அவன் தனியாகப் போவது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் லோத்தா இல்லாதது ஒரு கை இல்லாத மாதிரி இருந்தது. வீட்டு முன்னால் ஒரு வேலைக்காரப் பெண் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போய்விட்டு வந்து, யாரும் இல்லை என்றாள். உள்ளே பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது. சரிம்மா, அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அவமானமாக இல்லையா என்று சிந்து கேட்டாள். அவன் அவளோடு சேர்ந்து முந்திரிக்கொட்டையை அள்ளிச் சாக்கில் போட்டான்.

அடுத்த வாரம் கமலவேணியே வாசலுக்கு வந்தாள்.

"கல்யாணத்துக்கு வராதவன் இப்ப எதுக்கு வந்த?"

"உங்களப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன் அத்தை."

"பாத்துட்ட இல்ல?"

"பாத்துட்டேன்" என்று சொல்லி அவன் கிளம்பினான். சண்டைக்குத் தயாராக நின்றவளுக்கு அது என்னவோபோல் ஆகிவிட்டது. கொல்லைப் பக்கம், வெங்காயம் சேமித்து வைக்கிற பட்டறையிலிருந்து எடுத்துப்போட்டு, பெண்கள் நாலைந்து பேர் காய்ந்த தாளைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மழை வருகிற மாதிரி இருந்தது. "வந்ததுதான் வந்த, அந்த மூட்டைய உள்ள இழுத்துப் போட்டுட்டுப் போ" என்றாள். இழுத்துப் போட்டான். மற்ற மூட்டைகளையும் போட்டான். அப்புறம் அவனாகவே உட்கார்ந்து தாள் கிள்ள ஆரம்பித்தான். கண்ணில் நீர் வழிய வழிய, பொழுது சாய்கிற வரைக்கும் கிள்ளினான். யாரும் சிந்துவின் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாவது தடவை போனபோது கமலவேணி உள்ளே வரச்சொல்லி நாற்காலி போட்டாள். கொஞ்ச நேரத்தில் டம்ளரில் காபியோடு வந்தாள். விசாகப்பட்டினத்தில் மறுத்த எந்த டம்ளரும் இந்த அளவுக்குக் கனமாக இருந்ததில்லை. இதை வாங்கிக் குடித்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

"அத்தை, நான் காபி குடிக்கிறதில்ல. மோர் இருந்தாக் குடுங்க. ரெண்டு டம்ளரு குடிப்பேன்."

அவள் அவனையே பார்த்தாள். "காபி கூடக் குடிக்க வுடாத சாமியா அது?"

"ஆமா அத்தை. அதுல மட்டும் ரொம்பக் கண்டிப்பு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். மோரில் உப்பும் கறிவேப்பிலையும் போட்டுச் சொம்போடு கொண்டுவந்து வைத்தாள். அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றாள். பிறகு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவள் கீழே உட்கார்ந்ததைப் பார்த்து அவனும் நாற்காலியை விட்டு இறங்கிக் கீழே உட்கார்ந்தான்.

"கல்யாணத்தன்னிக்கு, மச்சான் எங்க மச்சான் எங்கன்னு எங்காளுவ கேட்டப்ப எம்புள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். அதப்பத்தி நெனச்சியா தம்பி நீ?"

"நெனச்சேன். இன்னிக்கும் நெனைக்கிறேன்."

"அப்பறம் ஏன் வரல?"

சபையில் சொல்லிக் கொடுத்த பதில்கள் பல அவனிடம் இருந்தன. அவற்றில் ஒன்றையும் அவன் எடுக்கவில்லை. "ஒரு வேலைய முடிக்கிறேன்னு ஒத்துக்கிட்டுப் போயிட்டேன் அத்தை. பாதியில வுட்டுட்டு வர மனசு வரல. செஞ்சது சரியான்னு கேட்டா எனக்கே தெரியல."

கமலவேணி சொம்பை நகர்த்தி வைத்துவிட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் இருப்பவர் சும்மா இருந்தால் தானும் சும்மா இருக்க அவன் அந்த இரண்டு வருடத்தில் பழகியிருந்தான். கடைசியில் அவளே ஆரம்பித்தாள். பரணிதரனுக்கு முன்னால் தனக்கும் இரண்டு தங்காமல் போனதைச் சொன்னாள். அப்போது தன் மாமியார் என்ன சொன்னாள் என்பதையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"யாரு மேல கோவப்படறதுன்னு தெரியல தம்பி. நீதான் கெடச்ச."

"என்மேல படுங்க அத்தை. அவமேல வேண்டாம்."

கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாள். சித்திரையில் குலசாமிக்குப் படையல், மருமகளின் அண்ணனாக வந்து நிற்பாயா என்று. நிற்கிறேன், தண்ணி சுமக்கிறேன், விறகு வெட்டுகிறேன், பந்தி பரிமாறுகிறேன் என்றான். விழுந்து கும்பிடச் சொன்னால் மட்டும் முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டான். அவள் யோசித்துவிட்டு, "வந்து நில்லு, போதும்" என்றாள்.

பரணிதரன் மறுவாரம் மாமனார் வீட்டுக்கு வந்து நின்றான். சிந்து அசையவில்லை. உங்கம்மா வந்து கூப்பிடட்டும் என்றாள். கமலவேணி வந்தாள். மருமகளின் கன்னத்தைத் தடவிவிட்டுத் தேம்பினாள். எங்கண்ணனைப் பற்றி அந்த வீட்டில் இனிமேல் பேச்சு வரக்கூடாது என்று சிந்து சொன்னாள். வராதுடி என்றாள் மாமியார். பரணிதரன் செல்வனின் அருகே வந்து, "வெங்காயம் கிள்ளுனியாமே மச்சான்" என்று தோளைத் தட்டினான்.

சிந்துவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு ராசாங்கமும் செல்வனும் ஒரே வண்டியில் திரும்பினார்கள். செல்வன் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். அரியலூர் தாண்டிச் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வந்து ரோடெல்லாம் வெள்ளைப் புழுதி. கண் தெரியாமல் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினான். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ராசாங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடி கேட்டார்.

"அங்க போயி ரெண்டு வருசமும் இதத்தான் செஞ்சிக்கிட்டு இருந்தியா?"

"பெரும்பாலும் இதுதாம்ப்பா."

"வெளியவே நிக்க வெச்சா?"

"நிப்போம்."

"கோவம் வராது?"

"வரும். அதவிட அலுப்புத்தான் நெறைய வரும்."

"அப்பறம் எதுக்கு மறுபடியும் போவணும்?"

செல்வன் சட்டையில் படிந்த புழுதியைத் தட்டினான். "சில வூட்டுல தொறப்பாங்கப்பா."

ராசாங்கம் தலையை ஆட்டினாரா, புழுதிக்கு முகத்தைத் திருப்பினாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. லாரிகள் ஓய்ந்ததும், "மெதுவா ஓட்டு" என்றார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து, காட்டில் எந்தக் கிளையைக் கழிக்கலாம், எதை விடலாம் என்பதை மகனிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார். அவனுடைய சபையைப் பற்றி அவர் கேட்டதே இல்லை. அது அவர்களுக்குள் அப்படியேதான் கிடக்கிறது.

சித்திரையில் செல்வன் போய்த் தண்ணீர் சுமந்தான். திருநீறு பூசாமல் நின்றவனைப் பார்த்துச் சிலர் முணுமுணுத்தார்கள். கமலவேணி அவர்கள் காதில் விழுகிற மாதிரி, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சோறு வையுங்கடி என்று சத்தம் போட்டாள். பெங்களூரில் விஷயம் தெரிந்த ஒருவர், அங்கேயெல்லாம் போகலாமா தம்பி என்று இழுத்தார். அவனுக்கு விளக்கம் சொல்லத் தெம்பில்லை. இரண்டு பக்கமும் முழுசாக ஒட்டாமல்தான் இனி இருக்கவேண்டியிருக்கும் என்பது அவனுக்கு மெள்ள மெள்ளப் புரிந்துவந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக ஊழியத்துக்குக் கிளம்பப்போகிறவர்களிடம் உன் அனுபவத்தைப் பேசு என்று பெங்களூரிலிருந்து கேட்டார்கள். போன் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள் தெரிந்தன. மகிழ்ச்சியைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தார்கள். அவன் பூட்டிய கதவுகளைப் பற்றிச் சொன்னான். லோத்தா ஆதார் அட்டையை எடுத்து நீட்டியதைச் சொன்னான். வராமல் போன அப்பலராஜுவைப் பற்றியும், அவர் வீட்டுக் கூரையைப் பற்றியும் சொன்னான். கடைசியில் ஒரு பெண், இவ்வளவும் தெரிந்தபிறகு திரும்பவும் போகச் சொன்னால் போவீர்களா அண்ணா என்று கேட்டாள்.

செல்வன் போனைச் சுவரில் நேராக நிமிர்த்தி வைத்தான்.

"போவேன்மா" என்றான். "ஆனா இப்ப இல்ல. இப்பக் கொஞ்சம் தூங்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் போனை அணைத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல், ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.